எக்ஸ்சேஞ்ச்காரர் விழுங்கிய பதினேழு செய்திகள்

அரசு உத்தரவின்படி ஊரின் இணையத்தைத் துண்டித்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு, துண்டித்தவரின் வாயிலிருந்து ஊராரின் செய்திகள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது ஒரு சிமெண்ட் வியாபாரி வெளியூர் ஆலைக்கு எழுதியது. சுவிட்சை இழுத்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்காரர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். வாய் டீயை வாங்கிக்கொள்ளாமல், “நூத்திருபது மூட்டை, ஆறு நாள் ஆச்சு, லாரி எங்கே?” என்றது. டீக்கடைக்காரர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “என்னைக் கேட்டா?” என்றார். அதற்கு எக்ஸ்சேஞ்ச்காரர், “செல்லம், நேத்து ஏன் சொல்லாம தூங்கிட்டே?” என்று பதில் சொன்னார். பெஞ்சின் கோடியில் இருந்த கணக்கு வாத்தியார் சட்டென்று தன் கைபேசியைப் பைக்குள் தள்ளினார். இருபத்தாறு வருஷமாக அந்தக் கடையில் ‘ஒரு டீ, சர்க்கரை கம்மி’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் எக்ஸ்சேஞ்ச்காரர். கடையில் இருந்த ஒன்பது பேர் முகத்திலும் ஈயாடவில்லை. எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்து போயிருந்தது அவர்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார், விரலிடுக்கு வழியாக ஒரு கல்யாண மண்டபத்தின் வாடகை விவரம் வந்துகொண்டிருந்தது.

துண்டித்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றின் மேல் புதிதாகக் கட்டிய பாலத்தில், திறந்த பதினோராம் நாள் ஒரு ஆள் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. யாரோ அதில் கையை நுழைத்துக் காட்டிப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். விரிசலை அடைக்க ஆள் வரவில்லை, இணையத்தை அடைக்க உத்தரவு வந்தது. கைபேசிப் பேச்சும் அதே கம்பியில்தான் போகிறது என்பதால் அதுவும் சேர்ந்து செத்தது, சுற்றுப்பட்ட ஊர்களிலும் அப்படியே. வெளியூர்க்காரர்கள் கேட்டபோது பராமரிப்பு வேலை என்று சொன்னார்கள். எக்ஸ்சேஞ்ச்காரர் உத்தரவைப் படித்தார், முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், பேரேட்டில் நேரம் எழுதினார், நீலக் கைப்பிடி போட்ட சுவிட்சைத் துணியால் துடைத்துவிட்டுக் கீழே இழுத்தார். காகிதம் இல்லாமல் அந்த அலுவலகத்தில் ஒரு பல்பைக்கூட மாற்றாதவர். வீட்டிலும் அப்படியே. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவருடைய ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனாள். அன்று, “இந்த வீட்ல இனிமே அவ பேச்சை யாரும் வாயால எடுக்கக் கூடாது” என்றார். வீட்டில் இருந்தது மனைவி ஒருத்திதான். தையற்காரி. அன்றிலிருந்து அவள் வாயால் எடுக்கவில்லை.

வாய் பேச ஆரம்பித்த அன்று இரவுச் சாப்பாட்டில்தான் அவருக்கு இடி விழுந்தது. அவர் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார், மனைவி உள்ளறையில் இருந்தாள். அவர் வாய் தானாகத் திறந்து, “கண்ணு, ரெண்டு நாளா உன் பதிலே வரல. இங்க நெட்டை அமத்திட்டாங்க போல. அமத்துனது உங்க அப்பாவாத்தான் இருக்கும், அவருக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. மாத்திரையை மறக்காம போடு” என்றது. கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. உள்ளறையிலிருந்து மனைவி கைபேசியோடு வெளியே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது, அவர் முகம் அதைவிட. ஒன்பது வருஷமாக, நாள் தவறாமல், அவருக்குத் தெரியாமல் அவள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். “அவ பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்று அவர் கேட்டார். “நான் வாயைத் திறந்தேனா? நீங்கதானே பேசுனீங்க” என்றாள் அவள். அன்றோடு அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இவர் வாய்க்கு எழுத எனக்கென்ன தலையெழுத்தா என்று தையல் கடைக்கு வந்தவர்களிடம் சொன்னாள். மகள் நாலு வீடு மாறியிருந்தாள், கடைசி விலாசம் தாய்க்குத் தெரியாது. கைபேசி எண் இருக்கும்போது விலாசம் யார் கேட்டார்கள்? இனி மகளிடமிருந்து ஒரு சொல் வர வேண்டுமென்றால் அது புருஷன் வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது.

நாலாம் நாள் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் தலை சுற்றுகிறது. எக்ஸ்சேஞ்ச்காரர் தன் அலுவலகத்தின் பொறுப்பு அதிகாரியின் மேஜை முன்னால் நின்று கொண்டிருந்தார். அவர் வாய், “பொருள்: நிறுத்தி வைக்கப்பட்ட இணைய சேவையை மீண்டும் வழங்குதல். இம்மடல் கண்டவுடன் இணைப்பைக் கொடுத்து, கொடுத்த நேரத்தைத் தெரிவிக்கவும்” என்று முழுசாகச் சொல்லி முடித்தது. இணையம் வேண்டும் என்ற உத்தரவை, இணையம் இல்லாத ஊருக்கு, இணையத்திலேயே அனுப்பியிருக்கிறார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல கையெழுத்து எங்கே, முத்திரை எங்கே?” என்றார் பொறுப்பு அதிகாரி. எக்ஸ்சேஞ்ச்காரரும், “ஆமாங்க சார், வாயால வந்ததை எப்படிக் கோப்புல வைக்கிறது?” என்று ஒத்துக்கொண்டார். தன் வாயையே நம்பாத மனிதரை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை. பொறுப்பு அதிகாரி உடனே உறுதிப்படுத்தக் கோரி மேலிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினார். அது எதிரே நின்றவர் வாயிலிருந்து, “உரிய உறுதிப்படுத்தலை வேண்டுகிறேன்” என்று வந்தது. பிறகு தபாலில் எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துத் தபாலில் பதில் வந்தது, முத்திரையோடு, கையெழுத்தோடு: ‘தேவையான ஆணை ஏற்கெனவே மின்னஞ்சலில் அனுப்பப்பட்டுள்ளது. அதைப் பார்த்துச் செயல்படவும்.’ அதைக் கோப்பில் வைத்தார்கள். அந்த வருஷம் இப்படி ஏழு தபால் போயிற்று, ஏழு பதில் வந்தது, ஏழிலும் அதே வாசகம்.

ஊர் என்ன செய்யும், வரிசையில் நின்றது. எக்ஸ்சேஞ்ச் வராந்தாவில் அவருக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு ஸ்டீல் டம்ளர். ஜெராக்ஸ் கடைக்காரர் டோக்கன் அடித்துக் கொடுத்தார், உரியவர் வராத செய்திகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை எக்ஸ்சேஞ்ச்காரர் மூச்சு விடாமல் பேசுவார். வேலை கிடைத்த செய்தி, பெண் பார்க்க வரும் செய்தி, சாவுச் செய்தி எல்லாம் ஒரே குரலில் வரும். இரண்டு மாதத்தில் அரசுக்கு விஷயம் எட்டியது. தடை செய்த நாற்பது வார்த்தைகளின் பட்டியலோடும் ஒரு வெண்கல மணியோடும் ஒரு அதிகாரியை அனுப்பி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ‘பாலம்’, ‘விரிசல்’ போன்ற வார்த்தை வந்தால் மணி அடித்து மறைக்க வேண்டும். வார்த்தை காதில் விழுந்த பிறகுதானே அடிக்க முடியும்? ஆகவே வார்த்தை எல்லோருக்கும் கேட்கும், பின்னாலேயே மணியும் கேட்கும். அதுவரை தூங்கி வழிந்தவர்கள்கூட மணிச்சத்தம் கேட்டு, “என்னப்பா, என்ன சொன்னாரு?” என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். நாலாம் நாள் உத்தரவு விஷயத்தை மேலே சொல்லக்கூடாதா என்று மணி அதிகாரியைக் கேட்டதற்கு, தனக்கு மணி அடிக்க மட்டுமே உத்தரவு என்றார். கெட்டவர் இல்லை. ஒருநாள் அவருடைய அம்மாவின் செய்தி வந்தது, அதில் ‘அந்தப் பாலத்து மேல மட்டும் போகாதடா’ என்று இருந்தது, அன்று அவர் மணி அடிக்க மறந்துவிட்டார்.

தையற்காரியும் வரிசையில் நின்றாள். கட்டின புருஷன் முன்னால், கையில் டோக்கனோடு, பதினாலு மாதம். அவளுக்கு என்று ஒரு செய்தியும் வரவில்லை. ஊருக்கே பாவமாக இருந்தது. உண்மை வேறு. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டால் செய்தி காத்திருக்கும், தண்ணீரை விழுங்கினால் செய்தியும் உள்ளே போய்விடும் என்பதை எக்ஸ்சேஞ்ச்காரர் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். சொல் நாக்கின் நுனிக்கு வரும்போதே அது யாருடையது, என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும். மகளுடையது என்று தெரிந்த நொடியில் டம்ளரை எடுப்பார், ஒரு மடக்கு, விழுங்கல். தொண்டை காய்கிறது பாவம் என்று வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ‘ஏம்மா எழுதல?’ என்பதை விழுங்கினார். ‘கோவமா?’ என்பதை விழுங்கினார். ஒன்பதாவது, நாற்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றது. பதினாலாவது, ஏழாம் மாசம், காலெல்லாம் வீங்குது, முன்ன ரெண்டு தடவை போன மாதிரி இதுவும் போயிடுமோன்னு பயமா இருக்கு, ஒரே ஒரு வார்த்தை எழுதும்மா என்றது. முன்னே இரண்டு தடவை போனது அவருக்கு அன்றுதான் தெரியும். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, அதையும் விழுங்கினார். விழுங்கியதெல்லாம் வயிற்றில் தங்கியது. ஒல்லியான மனிதருக்குத் தொப்பை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. டாக்டர் படமெடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். வரிசையில் நின்ற பெண்கள், “அண்ணனுக்கு மாசம் எத்தனை?” என்று கேலி செய்தார்கள். மனைவி அவருடைய கால்சட்டை இடுப்பை மூன்று முறை பிரித்துத் தைத்தாள், ஒவ்வொரு முறையும் நாடாவால் அளந்து, அளவைச் சுவரில் சாக்குக்கட்டியால் குறித்து வைத்தாள்.

பதினேழாவது ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. தையற்காரியின் டோக்கன் அறுபத்தொன்று, முன்வரிசையிலேயே நின்றாள். எக்ஸ்சேஞ்ச்காரர் ஒரு கோழிப்பண்ணைச் செய்தியின் நடுவில் சட்டென்று நின்றார். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று. கை டம்ளருக்குப் போயிற்று. ஆனால் உடனே குடிக்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள், எண்பது பேர் இருவரையும் பார்த்தார்கள். மணி அதிகாரி மணியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் எக்ஸ்சேஞ்ச்காரர் குடித்தார். தொண்டைமேடு ஏறி இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், சட்டையின் நடுப் பொத்தான் தெறித்து ஜெராக்ஸ்காரரின் நோட்டின் மேல் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் எதையோ தின்றுவிட்டார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தையற்காரி டோக்கனை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மதியம் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு வாடிக்கையாளரின் சட்டைத் துணியை மேஜையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாடு மூடி வைத்திருந்தது. அவர் அதைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “பதினேழு தடவை என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தண்ணி முழுங்கியிருக்கீங்க. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.” அவர் வாய் திறந்தது. இந்த முறை அது தானாகத் திறக்கவில்லை, அவர் திறந்தார். பதினாலு மாதமாகத் தானாகவே ஓடிய வாயைத் தானே நடத்துவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

“நாளைக்குக் காலைல ஆபரேஷனாம்.”

“யாருக்கு?”

“நம்ம பொண்ணுக்கு.”

முப்பது வருஷத்தில் ஒரு துணியைத் தப்பாக வெட்டாதவளின் கத்தரி, அந்தச் சட்டையின் முன்பக்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. அவர் ஒன்றாவதிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று விடாமல், மகள் எழுதிய வரிசையிலேயே சொன்னார். ஒவ்வொன்று சொல்லும்போதும் வயிறு ஒரு விரல்கடை இறங்கியது. கடைசியை, “டாக்டர் பேச்சு சரியில்லம்மா, உன் குரலைக் கேட்டுட்டு உள்ள போயிடறேன்” என்பதைச் சொல்லி எழுந்தபோது, மூன்று முறை பிரித்துத் தைத்த கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் இருந்த ஊருக்குப் பேருந்தில் இரண்டு நாள். தையற்காரி அழவில்லை, திட்டவில்லை. அப்புறம் தன் கைபேசியை அவர் முன்னால் வைத்து, “நீங்களே எழுதுங்க” என்றாள். அவர் ஒரு விரலால் தட்டினார், நெடுநேரம். அனுப்பும் குறியை அழுத்திய அடுத்த மூச்சில் அவருடைய செய்தி அவருடைய வாயிலிருந்தே வந்தது: “அம்மாடி, அப்பா எழுதறேன். நீ எழுதுனதை எல்லாம் நான்தான் தடுத்தேன். உங்க அம்மா மேல தப்பில்ல. பயப்படாம போ.” அறையில் இருந்த இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள், கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. அவர் கைபேசியையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். “இது போகலையே” என்றார், ஏதோ புதிதாகத் தெரிந்துகொண்டவர் போல. “போகாதுதான். ஒரு வருஷமா ஊரே அதைத்தான் சொல்லுது” என்றாள் மனைவி.

ஒரு கையில் கால்சட்டையும் மறு கையில் சாவிக்கொத்துமாக அவர் தெருவில் ஓடியதைப் பார்த்து ஜெராக்ஸ்காரர் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். டீக்கடை ஓடியது, கணக்கு வாத்தியார் ஓடினார். வழியெல்லாம் அவர் வாய் யாருடைய சிமெண்ட் விலையையோ சொல்லிக்கொண்டே போயிற்று. பொறுப்பு அதிகாரி கதவில் நின்று, “ஆர்டர் இருக்கா?” என்றார். “இருக்கு சார். நாலாம் நாளே வந்துடுச்சு.” “பேப்பர் எங்கே?” எக்ஸ்சேஞ்ச்காரர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். பொறுப்பு அதிகாரி வழியை விட்டு நகரவில்லை. மணி அதிகாரி எழுந்து வந்து, மணியை மேஜையில் வைத்துவிட்டு, பொறுப்பு அதிகாரியின் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கினார். எக்ஸ்சேஞ்ச்காரர் அன்று சுவிட்சைத் துடைக்கவில்லை, பேரேட்டில் நேரமும் எழுதவில்லை. மதியம் இரண்டு இருபது என்று ஜெராக்ஸ்காரரின் நோட்டில் இருக்கிறது. கைப்பிடி மேலே போன கணத்தில் ‘மூட்டைக்கு’ என்ற வார்த்தையோடு அவர் வாய் நின்றது, ஊரில் இருந்த எல்லாக் கைபேசியும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஓயவில்லை. கொடுக்கவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் போன பதினாலு மாதமும் வந்து விழுந்ததில் ஊர் நடுத்தெருவில் நின்று அழுதது. எக்ஸ்சேஞ்ச் படிக்கட்டில் உட்கார்ந்து தையற்காரி மகளோடு பதினோரு நிமிஷம் பேசினாள். கைபேசியை அவரிடம் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் மதியமே அவருக்கு இரண்டு மெமோ வந்தது. முறையான ஆணை இல்லாமல் இணைப்பைக் கொடுத்ததற்கு ஒன்று, ஆணை வந்தும் பதினாலு மாதம் கொடுக்காமல் இருந்ததற்கு ஒன்று. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி. பொறுப்பு அதிகாரி அதை அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாய் தானாகத் திறந்தது. இணையம் ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தது, சுவிட்ச் மேலேதான் இருந்தது. எல்லோருக்கும் தூக்கி வாரிப் போட்டது. “அப்பா, பொண்ணு. ரெண்டு கிலோ எழுநூறு. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். உங்க மேல கோவம் போகல, ஆனா சொல்லணும்னு தோணுச்சு” என்றது வாய். அதே நேரம் படிக்கட்டில் காத்திருந்த தையற்காரியின் கைபேசியைப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. பொறுப்பு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெமோவை விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

வேலை போனது. பாலத்தை இடித்துவிட்டு ஆறே மாதத்தில் வேறு கட்டினார்கள், அதிலும் விரிசல் விட்டது, இணையம் இன்னும் இரண்டு தடவை துண்டிக்கப்பட்டுத் திரும்ப வந்தது. சுவிட்சை இழுத்த புதிய ஆளுக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. எக்ஸ்சேஞ்ச்காரர் இப்போது தையல் கடையில் பொத்தான் கட்டுகிறார். மகள் எழுதினால், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் வாயில் வந்துவிடுகிறது. அவர் டம்ளரைத் தொடுவதில்லை. போன செவ்வாய்க்கிழமை சவரக் கடையில், முகம் முழுக்க நுரையோடு, கழுத்தில் கத்தி பட்டிருக்கும்போது அவர் வாய் திறந்தது. சவரக் கடைக்காரர் கத்தியை எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருக்குப்பா. கடிக்குது. எப்ப வர்றீங்க?” என்றது வாய். சவரக் கடைக்காரர் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கொஞ்சம் காத்திருந்தார். இல்லை என்று தெரிந்ததும் கத்தியைத் துடைத்துவிட்டு இடது கன்னத்துக்கு வந்தார்.